அதே முகூர்த்தத்தில் இன்னொரு கேமரா

கல்யாணம் முடிந்த வீட்டுக்கு ஆல்பம் கொடுக்கப் போவேன். வாசலில் மூன்று கார் நிற்கும். என் ஸ்டுடியோவை அப்படியே தூக்கி உள்ளே வைத்துவிடலாம் போல ஹால் இருக்கும். காபி குடித்து, பாக்கிப் பணத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். மனதில் ஒன்றும் ஓடாது. இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஸ்டுடியோக்காரர் செகண்ட் ஹேண்டில் ஒரு எண்பத்தைந்து எம்எம் லென்ஸ் வாங்கியிருக்கிறார் என்று யாராவது சொன்னால் போதும், அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்காது.

லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மனிதன் தன்னை அளந்துபார்க்க, தன்னோடு ஏறக்குறைய சமமாக இருப்பவனைத்தான் எடுத்துக்கொள்கிறான் என்பது அவர் சொன்னது. அவர் கும்பகோணத்துக்கு வந்து எங்கள் ஆட்கள் டீ குடிக்கும் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் கட்டுரை இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும். சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் பல லட்சம் வாங்கும் போட்டோகிராபர்களைப் பற்றி எங்கள் ஆட்கள் பெருமையாகப் பேசுவார்கள். உள்ளூரில் ஐயாயிரம் கூடுதலாக வாங்குகிறவன் பேச்சு வந்தால் முகம் மாறும். "அவன் என்ன பெருசா எடுத்துட்டான், எல்லாம் எடிட்டிங்" என்பார்கள்.

தொழில் பொறாமையைப் பற்றிப் பொதுவாக எழுத எனக்குத் தெரியாது. கல்யாண போட்டோ தெரியும். பிலிம் ரோல் போட்ட காலத்திலிருந்து இதில் இருக்கிறேன். அதனால் என் தொழிலை வைத்துத்தான் சொல்ல முடியும். மற்றத் தொழில்காரர்கள் தங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளலாம்.

இந்தத் தொழிலில் போட்டியாளர் என்பவர் வெளியிலிருந்து வந்தவர் கிடையாது. எங்கள் ஊரில் ஒவ்வொரு ஸ்டுடியோவும் இன்னொரு ஸ்டுடியோவிலிருந்து பிரிந்து வந்ததுதான். லைட் பிடிக்க வரும் பையன் ஒரு வருஷத்தில் பேட்டரி மாற்றுவான், அடுத்த வருஷம் மாப்பிள்ளை அழைப்பில் கூட்டத்தை எடுப்பான், அப்புறம் ரிசப்ஷனில் இரண்டாவது கேமரா. தை மாதம் சீசன் முடிந்ததும் "அண்ணே, ஒரு விஷயம் பேசணும்" என்று வந்து நிற்பான். பத்திரிகை கையில் இருக்கும். கடை திறப்பு விழா. போய் வாழ்த்திவிட்டு, மொய் எழுதிவிட்டு, குத்துவிளக்கு பக்கத்தில் நின்று சிரித்துப் படமும் எடுத்துக்கொள்வோம். அடுத்த மாதம் நம் பழைய கஸ்டமர் வீட்டு இரண்டாவது பெண் கல்யாணம் அவனுக்குப் போயிருக்கும். முதல் பெண் கல்யாணத்தில் அந்த வீட்டு ஆட்களை வரிசையாக நிறுத்தியவன் அவன்தானே. அவர்களுக்கு என் முகத்தைவிட அவன் முகம் நன்றாக ஞாபகம் இருக்கும். நானும் என் முதலாளியிடமிருந்து அப்படி வந்தவன்தான். அவர் என்ன நினைத்திருப்பார் என்று அப்போது யோசித்ததில்லை.

இங்கே பொறாமைக்குப் பின்னால் ஒரு கணக்கு ஓடுகிறது. ஊரில் இத்தனை கல்யாணம்தான், அதில் அவன் ஒன்று எடுத்தால் எனக்கு ஒன்று குறைகிறது என்ற கணக்கு. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் காலண்டரை எடுத்துப் பார்த்தால் அது அப்படி நடப்பதில்லை. ஆடியில் யாருக்கும் வேலை இல்லை, மார்கழியில் யாருக்கும் இல்லை, புரட்டாசியிலும் பெரும்பாலும் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஆவணி, தை, வைகாசி வளர்பிறை முகூர்த்தம் என்றால் ஊரில் கேமரா பிடிக்கத் தெரிந்த ஒருவன்கூட சும்மா இருக்க மாட்டான். அப்படி ஒரு நாளில் என்னைக் கேட்டு வருகிற நான்காவது ஆளுக்கு நான் என்ன செய்ய முடியும்? தாலி கட்டும் நேரம் எல்லா மண்டபத்திலும் ஒன்றுதான். திருநாகேஸ்வரம் ஒப்பிலியப்பன் கோயிலில் ஒரு கால், சுவாமிமலையில் ஒரு கால் வைக்க முடியாது. ஆக, பெரிய முகூர்த்தத்தில் அவன் எனக்கு எதிரி இல்லை, முகூர்த்தமே இல்லாத மாதத்தில் இரண்டு பேருமே பட்டினி. சண்டை வருவது இடைப்பட்ட நாட்களில்தான். தேய்பிறையில் ஒரு கல்யாணம், நடு வாரத்தில் ஒரு வளைகாப்பு, ஒரு காதுகுத்து. வருஷத்தில் கொஞ்சம் நாட்கள். அந்தக் கொஞ்சத்துக்காக வருஷம் முழுக்க மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு திரிகிறோம்.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் பொறாமை போய்விடும் என்று நான் சொல்லவில்லை. போகாது. கணக்கு பகலில் தெரியும், பொறாமை ராத்திரி வரும். முன்பெல்லாம் அடுத்தவன் வேலையைப் பார்க்க வேண்டுமென்றால் அவன் ஆல்பம் யார் வீட்டிலாவது கண்ணில் பட வேண்டும். இப்போது இன்ஸ்டாகிராம். படுக்கையில் சாய்ந்தபடி, நாம் பிரமாதமாக எடுத்ததாக நினைத்த அதே மண்டபத்தின் அதே தூணுக்குப் பக்கத்தில் அவன் எடுத்ததைப் பார்க்கலாம். அதற்கு விழுந்த லைக்கை எண்ணலாம். கமெண்ட் போட்டவர்களில் நம் மச்சான் இருப்பதையும் கண்டுபிடிக்கலாம்.

இதில் நான் கவனித்த ஒன்று உண்டு. அந்த நேரத்தில் நான் படத்தைப் பார்ப்பதே இல்லை. முப்பது வினாடியில் இருபது படம் தள்ளிவிட்டுப் போகிறேன், மனதில் நிற்பது எண்ணிக்கை மட்டும். மறுநாள் காலையில் கடையில் பெரிய மானிட்டரில் அதே படத்தைப் போட்டு, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, கண்ணில் தெரியும் வெளிச்சப் புள்ளி எந்த இடத்தில் இருக்கிறது, பின்னால் மஞ்சளாகத் தெரிவது மண்டபத்து பல்பா அவன் வைத்த லைட்டா என்று பார்த்தால், நேற்று இருந்த எரிச்சல் வேறு எதுவாகவோ மாறிவிடுகிறது. ஒருமுறை ஊஞ்சல் சடங்கில் பெண்ணின் முகத்தில் மட்டும் மெல்லிய வெளிச்சம் விழுகிற மாதிரி ஒரு படம். தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், விளக்கு எதுவும் வைக்காமல் மண்டபத்துப் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிட்டு எடுத்திருக்கிறான். அந்த மண்டபத்தில் நான் எத்தனையோ கல்யாணம் எடுத்தவன், அங்கே ஒரு கதவு இருப்பது கேட்டரிங்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று இருந்தேன். அன்றைக்கு அவன் மேல் எனக்கு ஒரு மரியாதையே வந்தது. பொறாமையும் பக்கத்திலேயே இருந்தது. இரண்டும் ஒரே பெஞ்சில் உட்காரும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

திருக்குறளில் அதிகார வரிசையைக் கவனித்தால் ஒரு விஷயம் புலப்படும். 17ஆம் அதிகாரம் அழுக்காறாமை. அடுத்து 18, வெஃகாமை. 19 புறங்கூறாமை, 20 பயனில சொல்லாமை. உரைகாரர்கள் இந்த வைப்புமுறைக்கு என்னென்னவோ காரணம் சொல்வார்கள். நான் படித்தபோது, இது எங்கள் டீக்கடையில் சாயங்காலம் நடப்பதன் வரிசை என்றுதான் தோன்றியது. முதலில் அவன் நன்றாக இருப்பது பொறுக்காது. அப்புறம் அவனுடையது நமக்கு வர வேண்டும் என்று இருக்கும். வராது என்று தெரிந்ததும் அவனைப் பற்றிப் பேச்சு. கடைசியில் யாருக்கும் பயன் இல்லாத பேச்சு, கடை சாத்துகிற வரை. அதே 17ஆம் அதிகாரத்தில், பொறாமைக்காரன் செழிப்பதும் நல்லவன் கெடுவதும் யோசித்துப் பார்க்க வேண்டியவை என்று வள்ளுவர் ஒரு குறள் வைத்திருக்கிறார். காரணம் சொல்லவில்லை, யோசி என்று விட்டுவிட்டார். அடுத்தவனைக் கரித்துக்கொட்டியே பெரிய ஆளானவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பொறாமைப்பட்டால் அழிந்துபோவாய் என்று மிரட்டுவதைவிட இந்தக் குறள் எனக்கு நம்பும்படி இருக்கிறது.

புறங்கூறுவதுதான் எங்கள் தொழிலில் நேரடியாக அடி வாங்கிக் கொடுப்பது. பெண் வீட்டார் விலை கேட்க வருவார்கள். பேச்சுவாக்கில், "அந்த ஸ்டுடியோவுல இவ்வளவு சொன்னாங்க, அவங்க எப்படி?" என்பார்கள். இதற்கு வாய் திறந்தால் போயிற்று. "அவங்க ஆல்பம் தர ஆறு மாசம் ஆகும்" என்று ஒரு வார்த்தை விட்டால், அந்த அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். மனதுக்குள் என்ன எழுதிக்கொள்வார் என்றால், இவர்கள் எல்லோருமே ஆல்பம் தர ஆறு மாசம் ஆக்குவார்கள் போலிருக்கிறது என்று. ஒரு ஸ்டுடியோவைக் குறை சொன்னால் தொழில் முழுவதும் சேர்ந்து அழுக்காகிறது, நம் கடையும் அதில் அடக்கம். அதோடு, அவர் அங்கே திரும்பிப் போய் "அவர் இப்படிச் சொன்னாரே" என்று கேட்காமல் விட மாட்டார். கும்பகோணம் அவ்வளவு பெரிய ஊர் இல்லை. இப்போது அந்தக் கேள்விக்கு நான் வைத்திருக்கும் பதில், "நல்லா எடுப்பாங்க சார். நம்ம வேலையைப் பாருங்க, எது பிடிக்குதோ அதை முடிவு பண்ணுங்க." இதைச் சொல்லும்போது வயிறு கொஞ்சம் காந்தும். காந்தட்டும். வயிறு காந்துவது கஸ்டமருக்குக் கேட்காது.

சுவாமிமலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். முருகன் கோயில் முகூர்த்தம் தெரிந்தவர்களுக்கு நிலைமை புரியும். நல்ல நாள் என்றால் ஒரே நேரத்தில் பல ஜோடிகள், அவரவர் ஐயர், அவரவர் மேளம், அவரவர் சொந்தக்காரர்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு போட்டோகிராபர், ஒரு வீடியோகிராபர், குறைந்தது ஒரு லைட் பையன். என் மாப்பிள்ளையை எடுத்தால் பின்னால் அடுத்த கல்யாணத்து மாமா தலை தெரியும். எனக்கு இடது பக்கம், என்னிடம் லைட் பிடித்து வளர்ந்து பிரிந்துபோன தம்பி. கொஞ்ச நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. சண்டை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, அவன் கடை திறந்ததிலிருந்து எதிரில் வந்தால் போனைப் பார்ப்பதுபோல் போய்விடுவது என்று இருவரும் பழகிவிட்டோம்.

கன்னூஞ்சல் முடிந்து, பெண்ணை உட்காரவைத்து, நான் இரண்டு படம் எடுத்தேன். ஸ்டாண்டில் வைத்திருந்த ஃப்ளாஷ் நான் அமுக்காமலே அடித்தது. மறுபடி. மறுபடி. தொழிலில் இல்லாதவர்களுக்கு ஒரு விளக்கம். கேமரா மேலே ஒரு டிரிகர் இருக்கும், தள்ளி நிற்கிற ஃப்ளாஷுக்கு ரேடியோ அலையில் 'அடி' என்று சொல்லும். இருவர் ஒரே கம்பெனி டிரிகரை ஒரே சேனலில் வைத்திருந்தால், அவர் அமுக்கும்போது என் ஃப்ளாஷும் அடிக்கும், நான் அமுக்கும்போது அவருடையது அடிக்கும். அடித்த ஃப்ளாஷ் மறுபடி முழு வெளிச்சம் சேர்க்கச் சில வினாடி ஆகும். பேட்டரி இறங்கியிருந்தால் இன்னும் கூடுதல். தாலி முடிச்சு போடும் நேரம் எவ்வளவு என்று கல்யாணம் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். அவன் ஒரு அட்சதைப் படம் எடுத்து, அதில் என் ஃப்ளாஷ் செத்து, அந்த நேரம் பார்த்து என் மாப்பிள்ளை தாலி கட்டினால் எனக்கு இருட்டுதான் விழும். அந்தப் படத்தைத் திரும்ப எடுக்க முடியாது. எடுக்கச் சொல்லிக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள், அது வேறு கதை.

நான் திரும்பினேன், அவனும் திரும்பினான். அவனுக்கும் அதே தொல்லை. மேளம் அடித்துக்கொண்டிருந்தது, கத்தினால்தான் கேட்கும். "அண்ணே, எந்த சேனல்ல இருக்கீங்க?" என்றான். "ஒண்ணு." "நானும் ஒண்ணு. நீங்க அப்படியே இருங்க, நான் அஞ்சுக்குப் போறேன்." பொத்தானை அமுக்கி மாற்றிவிட்டு, ஒருமுறை சோதித்துப் பார்த்து, கட்டை விரலைக் காட்டினான். சேனலை மாற்றவேண்டியது அவன்தான் என்று எந்தச் சட்டமும் இல்லை. அவனுடைய கல்யாணத்திலும் ஐயர் அவசரப்பட்டுக்கொண்டுதான் இருந்தார். கெட்டிமேளம் இரண்டு பக்கமும் அரை நிமிஷ இடைவெளியில் வந்தது. இருவருக்கும் படம் கிடைத்தது. வெளியே வந்து தேரடிப் பக்கம் டீ குடித்தோம். கடை எப்படிப் போகிறது என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. டிரிகரைப் பற்றியே பேசினோம். அடுத்த முகூர்த்தத்தில் என் வீடியோ ஆளுக்கு டெங்கு காய்ச்சல், யாரைக் கூப்பிடுவது என்று நினைத்தபோது முதலில் கை போனது அவன் நம்பருக்குத்தான். அவனுக்கு அன்று வேலை இல்லை. வந்தான், தினச் சம்பளம் வாங்கிக்கொண்டு போனான்.

எங்கள் தொழிலில் இது சர்வ சாதாரணம் என்பதை வெளியாட்கள் நம்புவதில்லை. பெரிய முகூர்த்தத்தில் எந்த ஸ்டுடியோவும் தன் ஆட்களை மட்டும் வைத்துச் சமாளிப்பதில்லை. ட்ரோன் ஒருவரிடம், கேமரா ஆடாமல் பிடிக்கிற கிம்பல் ஒருவரிடம், தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் எழுபது-இருநூறு லென்ஸ் இன்னொருவரிடம். வாடகைக்கும் கைமாற்றாகவும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒருவரோடு பேச்சை முறித்தால், இந்தச் சுற்றிலிருந்து ஒரு ஆளையும் இரண்டு பெட்டியையும் முறிக்கிறோம் என்று அர்த்தம். பகைக்கு வாடகை உண்டு. அதைத் தை மாதத்தில் கட்ட வேண்டியிருக்கும்.

கேமரா கம்பெனிகளே இப்படித்தான் வளர்ந்திருக்கின்றன. கேனானா நிக்கானா என்று எங்கள் ஆட்கள் கட்சி கட்டிச் சண்டை போடுவது உலகம் முழுக்க நடப்பது. 1930களின் நடுவில், கேனான் தன் முதல் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதில் இருந்த லென்ஸ் நிக்கார். அதாவது நிப்பான் கோகாகு செய்து கொடுத்தது, பிற்பாடு நிக்கான் என்று ஆன அதே கம்பெனி. கேனான்காரர்களுக்கு அப்போது கேமரா உடம்பு செய்யத் தெரியும், லென்ஸ் செய்யத் தெரியாது. நிப்பான் கோகாகு லென்ஸ் செய்துகொண்டிருந்தது, தன் பெயரில் கேமரா போட்டது 1948இல்தான். பிறகு இருவரும் பல ஆண்டுகள் முட்டிக்கொண்டார்கள், சரி. ஆனால் முதல் பெட்டியைத் திறந்தால் உள்ளே போட்டியாளரின் கண்ணாடி இருக்கிறது. இன்றைக்கும் நிக்கான் கேமராக்கள் பலவற்றில் சென்சார் செய்து கொடுப்பது சோனி. கடையில் அதே சோனி கேமராவும் நிக்கானும் ஒரே கண்ணாடி அலமாரியில் போட்டிக்கு நிற்கும்.

பிலிம் கம்பெனிகளான அமெரிக்காவின் கோடக், ஜப்பானின் ஃபூஜி கதை வேறு மாதிரி. 90களில் இந்தத் தொழிலுக்கு வந்தவர்களுக்கு இது கண்ணால் பார்த்த சங்கதி. ஊருக்குள் நுழைந்தால் கோடக்கின் மஞ்சள் போர்டு ஒரு பக்கம், ஃபூஜியின் பச்சை போர்டு ஒரு பக்கம், நடுவில் நீலத்தில் கோனிகா. மஞ்சள் போர்டு லேபில் பச்சை ரோலைக் கொடுத்தால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். மேலே கம்பெனிகளுக்குள் நடந்தது இன்னும் பெரிய மல்லுக்கட்டு. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸின் அதிகாரப்பூர்வ பிலிம் என்ற இடத்தை கோடக் விட்டுவிட, ஃபூஜி பிடித்துக்கொண்டது. சொந்த நாட்டிலேயே அந்நியன் நுழைந்துவிட்டான் என்பது கோடக்குக்கு ஆறாத புண். 1995இல் ஜப்பானியச் சந்தையில் ஃபூஜி தன்னை நுழையவிடாமல் கதவடைக்கிறது என்று கோடக் அமெரிக்க அரசிடம் புகார் கொடுத்தது. விஷயம் உலக வர்த்தக அமைப்பு வரை போய், 1998இல் புகார் நிற்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில் டிஜிட்டல் கேமரா கோடக்கின் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அங்கே வேலை பார்த்த ஸ்டீவ் சாசன் 1975இல் ஒன்று செய்தார். நூறுக்கு நூறு புள்ளி, அதாவது 0.01 மெகாபிக்சல். ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 வினாடி. வெளியிலிருந்து வந்த எதிரியைப் பார்த்த அளவுக்கு, வீட்டுக்குள் இருந்த இந்தப் பெட்டியை அவர்கள் பார்க்கவில்லை. 2012 ஜனவரியில் கோடக் திவால் பாதுகாப்பு கேட்டு மனு போட்டது. கோனிகா மினோல்டா அதற்கும் முன்பே, 2006இல், கேமராவும் வேண்டாம் பிலிமும் வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டது. ஃபூஜிக்கும் பிலிம் போனது. ஆனால் அவர்கள் பிலிம் செய்யக் கற்ற ரசாயன வித்தையைத் திரைகளுக்கான மெல்லிய தாள், மருத்துவக் கருவி, முகத்துக்குப் பூசும் கிரீம் என்று பிரித்துப் பிழைத்துக்கொண்டார்கள்.

ஃபூஜி மேல் இருந்த வெறுப்புதான் கோடக்கைக் கொன்றது என்று நான் சொன்னால் அது கதை அளப்பது. பிலிமில் வந்த லாபம் அவ்வளவு இனிப்பு, அதை விட மனம் வரவில்லை என்பதுதான் பெரிய காரணம். ஆனால் எதிராளி மேல் வைத்த கண்ணுக்கு ஒரு குணம் உண்டு. அது தன் அளவுக்கு இருப்பவனை மட்டும்தான் பார்க்கும். எங்கள் ஊர் மஞ்சள் போர்டு லேபும் பச்சை போர்டு லேபும் பிரிண்ட் விலையை நாலணா எட்டணாவாகக் குறைத்துச் சண்டை போட்டன. இரண்டையும் மூடவைத்தது செல்போன். இன்றைக்கு நாங்கள் பக்கத்து ஸ்டுடியோவின் பேக்கேஜைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். போன மாதம் ஒரு நிச்சயதார்த்தத்தில் பெண்ணின் தம்பி ஐபோனில் எடுத்து, சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் பாட்டோடு வீடியோவாகப் போட்டுவிட்டான். நாங்கள் ஆல்பம் டிசைன் அனுப்பும்போது வீட்டில் பாதிப் பேருக்கு அந்த நிச்சயதார்த்தமே பழசாகிவிட்டிருக்கும்.

எல்லாவற்றையும் பொறாமை என்ற ஒரே கணக்கில் எழுதிவிடுவதிலும் எனக்குச் சம்மதம் இல்லை. தொழிலில் நிஜமான அநியாயம் உண்டு. அட்வான்ஸ் கொடுத்துத் தேதி முடிவான வீட்டுக்குப் போன் போட்டு, "இருபதாயிரம் குறைச்சுப் பண்றேன், அங்க கேன்சல் பண்ணிடுங்க" என்பது. மண்டபத்து மேனேஜருக்கு கமிஷன் பேசிவைத்து, வேறு ஸ்டுடியோக்காரர் வந்தால் கரண்ட் பாயிண்ட் தரவிடாமல் செய்வது. நம் கடையின் கூகுள் பக்கத்தில், நாம் பார்த்தே இராத பெயர்களில் ஒரே வாரத்தில் ஒற்றை நட்சத்திரங்கள் விழுவது. இதையெல்லாம் சொன்னால் உடனே ஒரு பதில் தயாராக இருக்கும்: "உங்களுக்கு வயித்தெரிச்சல்." திருடனைக் காட்டினால் காட்டினவனின் வயிற்றைப் பார்க்கிற வேலை இது. பிரித்துப் பார்க்க நான் என்னையே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று இருக்கிறது. இதையே எனக்கு முன்பின் தெரியாத ஒருவன், தெரியாத ஒருவனுக்குச் செய்திருந்தால் தப்பு என்று சொல்வேனா? சொல்வேன் என்றால் அது புகார், நேரில் போய்க் கேட்கலாம், சங்கத்தில் வைக்கலாம். அவன் புது லென்ஸ் வாங்கியதை அந்தக் கேள்விக்குள் போட்டால் ஒன்றும் நிற்காது.

விலை குறைப்பது இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கும். புதிதாக வருகிறவன் குறைத்துத்தான் வாங்குவான். அவனிடம் காட்ட ஆல்பம் இல்லை, பெயர் இல்லை, விலையைத்தவிர வேறு எதைக் காட்டுவான்? நாங்களும் அப்படித்தான் நுழைந்தோம். "மார்க்கெட்டையே கெடுத்துட்டான்" என்று புலம்புகிற மூத்தவர்கள் தங்கள் முதல் கல்யாணத்துக்கு என்ன வாங்கினார்கள் என்பதைச் சொல்ல மாட்டார்கள். என் அனுபவத்தில் இப்படி வருகிறவர்கள் இரண்டு சீசன் அந்த விலையில் தாக்குப்பிடிப்பார்கள். ஹார்ட் டிஸ்க் விலை, ஆல்பம் பிரிண்ட் விலை, எடிட்டர் சம்பளம் எல்லாம் தெரிய ஆரம்பித்ததும் தாங்களே ஏற்றுவார்கள். அந்த இரண்டு சீசனுக்கும் நாம் அவனைத் திட்டிக்கொண்டிருந்தால், விலை ஏற்றுகிற நேரத்தில் அவனோடு உட்கார்ந்து பேச ஆள் இருக்காது.

நான் விட்டுக்கொடுக்க மறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. கொஞ்ச காலத்துக்கு முன் ஒரு கஸ்டமர் என்னிடம் ஒரு ஸ்டுடியோவின் பக்கத்தைக் காட்டி, "இந்த மாதிரி எடுக்க முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றேன். ஏனென்றால் அது நான் எடுத்த படம். ஓரத்தில் இருந்த என் கடைப் பெயரை வெட்டிவிட்டு, அந்த ஸ்டுடியோக்காரர் தன் கடைப் பெயரைப் போட்டிருந்தார். ஒன்றல்ல, ஒரே கல்யாணத்திலிருந்து வரிசையாக. வக்கீல் நண்பர் ஒருவரிடம் கேட்டபோது இன்னொரு இடி விழுந்தது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் எழுதாத பட்சத்தில், முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர்தான். அதாவது கல்யாண வீட்டார். நாங்கள் பில் புத்தகத்தில் தேதியும் அட்வான்ஸும் மட்டும்தான் எழுதுவோம், ஒப்பந்தமாவது ஒன்றாவது. சரி, உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரே கேட்கட்டும் என்று பெண்ணின் அப்பாவுக்கு விஷயத்தைச் சொன்னேன். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். என் மகள் படத்தை வைத்து நீ வியாபாரம் செய்கிறாயா என்று போனில் அவர் பேசிய பேச்சுக்கு, அன்று சாயங்காலமே படங்கள் காணாமல் போயின. அதற்கப்புறம் என் பில்லின் பின்பக்கத்தில், படங்களின் உரிமை யாருக்கு, யார் எங்கே போடலாம் என்று நான்கு வரி அச்சடித்து, கையெழுத்து வாங்குகிறேன். மற்ற ஸ்டுடியோக்காரர்கள் கேட்டால் அந்த நான்கு வரியை வாட்ஸ்அப்பில் அனுப்பிவைக்கிறேன். சேனல் அஞ்சுக்குப் போன தம்பி முதலில் வாங்கிக்கொண்டான்.

அந்த ஸ்டுடியோக்காரர் இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறார். போன வைகாசியில் பெரிய மண்டபம் ஒன்றின் வாசலில் அவர் பேனர் பார்த்தேன். அதற்கு அடுத்த வாரம் அவரிடமிருந்தே போன், எழுபது-இருநூறு ஒரு நாளைக்கு வேண்டும், வாடகை எவ்வளவானாலும் பரவாயில்லை என்று. லென்ஸ் அலமாரியில் சும்மாதான் இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டேன். வயிற்றெரிச்சல் என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்களாம்.